டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு துளைகள்

பவுலிங் கிரீன், கென்டக்கி
மார்ச் 11, 2024

அன்புள்ள டெல்பர்ட்,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். போனில் பேசலாம்தான். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ பதில் சொல்லி முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நீ ஜெனலின் வீட்டுக்குப் போய் மூன்றரை மாதம் ஆகிறது. டெக்சாஸ் காற்று உனக்கு ஒத்துக்கொண்டதா? செயற்கைக் காலை மாட்டும் இடத்தில் புண் வராமல் பார்த்துக்கொள். உன் மகள் கவனமானவள், அவளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் கார்வெட் காரை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்படி விற்பதானால் முதலில் அதை ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்ப வேண்டும். போன கோடையில் புதுச் சாமான்கள் மாட்டுவதற்காக நாம் கழற்றியவை எல்லாம் கீழறை அலமாரியில் நீ பார்த்தபடியே இருக்கின்றன. நேற்று இறக்கிச் சரிபார்த்தேன். பழைய சைலன்சர் போர்வைக்குள் இருக்கிறது. நான்கு சக்கரங்களும் உறையில் இருக்கின்றன. முன்பக்கத்து அடித்தகடும் அதன் திருகுகளும் தனிப் பையில், எந்தத் திருகு எந்த இடம் என்று எழுதிய சீட்டோடு. ஆனால் சைலன்சரைப் பிடிக்கும் எட்டு போல்ட்டுகளில் ஆறுதான் இருக்கிறது. மற்ற இரண்டை நீ எங்காவது எடுத்து வைத்தாயா?

கடையில் அதே போல்ட் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காரோடு வந்தது அந்த இரண்டுதான்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று கராஜில் நடந்ததைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். எழுதினால் தவறாக எழுதிவிடுவேன். உன் பெட்டியை நீ மறந்து விட்டுப் போனாயா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனாயா என்று மட்டும் சொல். அதை நான் திறக்கவில்லை.

உன் அண்ணன்,
லோவெல்


அமரில்லோ, டெக்சாஸ்
மார்ச் 20

அண்ணே,

அந்த ரெண்டு போல்ட்டும் தொலையல. கராஜ்ல ஜன்னல் பக்கம் ஒரு காபி டப்பா இருக்கு பாரு, அதுல கெடக்கு. நீ லேபிள் ஒட்டாத ஒரே டப்பா அதுதான், அதான் உன் கண்ணுல படல.

பெரியப்பா என்ன எழுதியிருக்காருன்னு ஜெனல் கேட்டா. போல்ட்டக் காணோமாம்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. மூணு தாளக் கிழிச்சுட்டு நாலாவது தாள்ல ரெண்டு போல்ட்டு கேட்டு எழுதற ஆளு கென்டக்கியிலயே நீ ஒருத்தன்தான்.

பெட்டிய நான் மறக்கல. வச்சுட்டுத்தான் வந்தேன். உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்.

நீ எழுத மாட்டேன்னுட்ட. சரி, நான் எழுதறேன் வாத்தியாரே, தப்பு இருந்தா சிவப்பு மையில திருத்தி அனுப்பு.

இருபத்தொம்பது வருஷம் அந்தக் கார்வெட் ஆலையில டாஷ்போர்டு பூட்டினவன் நான். ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கற அந்தத் தாங்கிய எத்தன ஆயிரம் தடவ முடுக்கியிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. அதுல ஒரு வண்டியக்கூட ஆலை வாசலத் தாண்டி ஓட்டினதில்ல. நீ மூணு வருஷம் வரிசையில காத்திருந்து ஒண்ணு வாங்கப் போறேன்னதும் என் பொண்டாட்டி உயிரோட இருந்தா கேலி பண்ற அளவுக்கு ஆடினேன். அது வரதுக்கு ஏழு மாசம் முன்னால, சர்க்கரை வியாதியால வலது பாதத்த டாக்டர் எடுத்துட்டாரு. மயக்கம் தெளிஞ்சதும் எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது உன் வண்டி. நீ நம்ப மாட்ட, விடு.

அந்தக் கோடை பூரா குட்ட ஸ்டூல்ல உக்காந்து நான் கழட்டினேன். நீ பக்கத்துல நின்னு ஒவ்வொரு திருகா வாங்கிப் பையில போட்டுப் பேர் எழுதின. திரும்ப மாட்ட முடியாத எதையும் செய்யக்கூடாதுன்னு நீ ஒரு சட்டம் போட்ட. நானும் சரின்னேன். பின்னால ரெக்கை வைக்கணும்னா பாடியில ஓட்டை போடணும், அதனால வேண்டாம்னோம். எஞ்சினோட கம்ப்யூட்டர் மூளையில கை வச்சா கம்பெனிக்காரன் மெஷின் காட்டிக் குடுத்துடும், வாரண்டி போயிடும், அதனால அதுவும் வேண்டாம்னோம். எல்லாத்துக்கும் தலையாட்டினேன். நீ சீட்டு மேல டவல் விரிச்சு ஓட்டின. நீச்சல் குளத்துக்கா போறோம்னு கேட்டேன், அவ்வளவுதான்.

அப்புறம் நம்ம ஊர் ஹேரல்டு பட்டறையில ஆறு வாரம் உக்காந்து நானே அந்தக் கைப்பிடியச் செஞ்சேன். முன்னால தள்ளினா பிரேக்கு, கீழ அமுக்கினா வேகம். கால் வேண்டாம். தேங்க்ஸ்கிவிங் அன்னிக்குக் கொண்டு வந்து காட்டினேன். தாங்கியில ரெண்டு ஓட்டை போடணும், பென்சில் தடிமன், பேனல மூடிட்டா யாருக்கும் தெரியாதுன்னேன்.

நீ தொடைக்கற துணியக் கையில எடுத்த. அப்புறம் சொன்ன: "துளைன்னா துளைதான் டெல். போட்டுட்டா அது வேற வண்டி."

ஸ்டூல்லேருந்து எந்திரிக்க எனக்கு நாலு நிமிஷம் ஆச்சு. அந்த நாலு நிமிஷமும் நீ வண்டியத் தொடச்சுட்டு இருந்த.

வித்துக்கோ. உன் வண்டி.

டெல்பர்ட்


பவுலிங் கிரீன்
ஏப்ரல் 2

அன்புள்ள டெல்பர்ட்,

போல்ட்டுகள் கிடைத்தன. நன்றி.

திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறாய். நான் துடைத்துக்கொண்டிருந்ததும் உண்மை. கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. உனக்குக் கை கொடுத்து எழுப்பலாம் என்று தோன்றியது, நீ தட்டிவிடுவாயோ என்றும் தோன்றியது. அதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

நான் சொல்லப்போவதைச் சாக்கு என்று நினைக்காதே. அல்லது நினைத்துக்கொள், நானும் முழுமையாக இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எனக்கும் வெர்னாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அவள் இறப்பதற்கு முன் நாங்கள் சேர்த்து வைத்தது, நான் தள்ளாடும் காலத்தில் முதியோர் இல்லத்துக்குக் கட்ட வேண்டியது. அதை எடுத்துத்தான் காரை வாங்கினேன். முப்பத்தாறு வருடம் பள்ளியில் வடிவியல் சொல்லிக்கொடுத்தவன், தனக்குப் பிடித்தது என்று எதையும் வாங்கியதில்லை. விற்பனையாளரின் மேசைமுன் உட்கார்ந்தபோது பேனாவை இரண்டு முறை எடுத்துக் கீழே வைத்தேன். அப்போது எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டேன்: இது செலவு இல்லை, பணத்தை வேறொரு பெட்டியில் வைக்கிறேன், ஒன்றும் கெடாமல் பார்த்துக்கொண்டால் போட்டது அப்படியே திரும்ப வரும். அப்படிச் சொல்லிக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட முடிந்தது.

அதனால்தான் டவல். அதனால்தான் சீட்டுகள். மழை நாளில் எடுத்ததில்லை. வாங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது, ஆயிரத்து நூற்று நாற்பது மைல்தான் ஓடியிருக்கிறது. அதில் பாதி, சரளைக்கல் தெறிக்குமோ என்று முன்னால் போகும் லாரிக்கு வெகுதூரம் பின்னால் ஓட்டியது.

நீ பெட்டியைத் திறந்து அந்தக் கைப்பிடியைக் காட்டியபோது, மிக அழகாகச் செய்திருக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அதைச் சொல்லவில்லை. என் காதில் விழுந்தது துளை என்ற சொல் ஒன்றுதான். காரை வாங்க எனக்கு நானே கொடுத்துக்கொண்ட அனுமதிச் சீட்டில் யாரோ ஓட்டை போடுவதுபோல் இருந்தது.

இப்படி எழுதிப் பார்த்தால் எனக்கே நன்றாக இல்லை.

ஜூனுக்குள் விற்றால் நல்லது என்கிறார்கள். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

லோவெல்


அமரில்லோ
ஏப்ரல் 15

அண்ணே,

உன் லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். ரெண்டாவது தடவ படிச்சப்போ மொதல்ல வந்த கோபம் வரல. முதியோர் இல்லத்துக்கு வச்சிருந்த காசுன்னு நீ சொன்னதே இல்லையே. பள்ளிக்கூடத்து பென்ஷன்ல வாங்கினன்னு நெனச்சிட்டிருந்தேன். சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன். கேட்டிருக்கவும் கேட்டிருப்பேன், தெரியல.

இங்க ஒரு சேதி. மாப்பிள்ளையோட பழைய பிக்கப்புல ஒரு கைப்பிடி பூட்டினோம். இது கடையில வாங்கினது, நான் செஞ்ச அளவுக்கு இல்ல. சொல்லிக் குடுக்கறதுக்கு ஒரு பொண்ணு வருவா, இருபத்தாறு வயசு. என்னப் பாத்து, "தாத்தா, நீங்க கையால பிரேக்கு போடறப்போ காலும் சேந்து தரையக் குத்துது. அது இல்லாத கால் தாத்தா"ன்னா. எனக்குச் சிரிப்பு தாங்கல. வண்டிய நிறுத்திட்டுச் சிரிச்சோம்.

போன வாரம் டெஸ்ட் பாஸ் பண்ணிட்டேன். லைசென்ஸ்ல கையால இயக்கற வண்டி மட்டும்னு அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க. அன்னிக்கே தனியா நாப்பது மைல் ஓட்டினேன். ஊருக்கு வெளிய ரோடு நேரா போகும், ரெண்டு பக்கமும் ஒண்ணும் கெடையாது. ரேடியோகூடப் போடல.

ஜூன் எட்டாம் தேதி ஆலையில ரிட்டயர் ஆனவங்க பிக்னிக் இருக்கு. வரலாம்னு இருக்கேன். ஜெனல்தான் கொண்டு வந்து விடுவா. பழைய ஆளுங்க எல்லாம் அவங்கவங்க வண்டியில வருவாங்க, அதனாலதான் சொல்றேன்.

வேற ஒண்ணும் கேக்கல. ஒருத்தங்கிட்ட ஒண்ண ஒரு தடவதான் கேப்பேன், உனக்குத் தெரியும்.

டெல்பர்ட்


பவுலிங் கிரீன்
மே 30

அன்புள்ள டெல்பர்ட்,

கார் போய்விட்டது. போன வெள்ளிக்கிழமை விற்றேன்.

இதை முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

உன் ஏப்ரல் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போட்டிருந்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டேன். ஒருநாள் உன் பெட்டியைத் திறந்து கைப்பிடியை எடுத்துப் பார்த்தேன். காரில் உட்கார்ந்து, எங்கே வரும் என்று பிடித்தும் பார்த்தேன். அளவு எடுத்தேன். டிரில்லும் கொண்டுவந்தேன். பிறகு டிரில்லை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். இதை உன்னிடம் மறைக்கலாம். மறைத்தால் இன்னும் மோசம்.

கோடையில் புது மாடல் பற்றிப் பேச்சு வந்தால் விலை இறங்கிவிடும் என்று வாங்கி விற்பவர் ஒருவர் சொன்னார். ஆஷ்லாக் என்று பெயர், நாஷ்வில்லில் கடை வைத்திருக்கிறார். ஜூன் எட்டு வரை பொறுக்கலாமா என்று கேட்டேன். "பொறுங்க சார், உங்க இஷ்டம். நான் இன்னிக்கு விலைதான் சொல்ல முடியும்" என்றார். நான் வரச் சொன்னேன். அதற்கு முன் ஒரு மெக்கானிக்கை வைத்து எல்லாவற்றையும் பழைய நிலைக்கு மாற்றினேன். உன்னைப்போல் வேலை செய்ய அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு சீட்டாக நான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆஷ்லாக் வந்து இருபது நிமிடம்தான் பார்த்தார். பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கருவியைக் கதவில் வைத்தார். அடியில் படுத்துப் பார்த்தார். கம்ப்யூட்டரைச் சொருகி எஞ்சினை யாராவது தொட்டிருக்கிறார்களா என்று பார்த்தார். நான் கீழறைக்குப் போய்ப் பைகளையும் சீட்டுகளையும், இப்போது கழற்றிய புதுச் சாமான்களையும் கொண்டுவந்து வைத்தேன். அவர் சீட்டுகளைப் புரட்டவில்லை. "பரவால்ல சார், எல்லாம் ஒரு பெட்டியில போட்டுடுங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு நான் ஒன்று கேட்டேன். முன்பே கேட்டிருக்க வேண்டும். எத்தனையோ மாதங்களுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, பேனலுக்கு உள்ளே இருக்கும் தாங்கியில் இரண்டு துளை இருந்திருந்தால் எவ்வளவு குறைத்திருப்பீர்கள் என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எங்கே என்று திருப்பிக் கேட்டார். குனிந்து காட்டினேன்.

"அங்கயா? அங்க யாரு சார் பாக்கப் போறா? ஒண்ணும் கொறச்சிருக்க மாட்டேன்."

தெரிந்தால்கூடவா என்றேன்.

"தெரிஞ்சாக்கூட. பாடியில ஓட்டைன்னா வேற கதை. ஏன் சார், போட்டிருக்கீங்களா?"

போடவில்லை என்றேன். நல்லதாப் போச்சு என்று கை குலுக்கினார். லாரியில் ஏற்றி, பட்டை போட்டு இறுக்கி, அரை மணி நேரத்தில் போய்விட்டார்.

திங்கட்கிழமை அவருக்குப் போன் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அது சனிக்கிழமையே புளோரிடாவில் ஒருவருக்குப் போய்விட்டதாம்.

பிக்னிக்குக்கு நீ வந்தால் என் பழைய செவர்லேயில் போகலாம். கைப்பிடியை அதில் பூட்டலாம். அதில் எத்தனை துளை வேண்டுமானாலும் போடலாம். இதை எழுதும்போதே உனக்கு இது எப்படிப் படும் என்று எனக்குத் தெரிகிறது.

லோவெல்


அமரில்லோ
ஜூன் 9

அண்ணே,

பிக்னிக்குக்கு நான் வரல. நேத்து இந்நேரம் எல்லாரும் சோள ரொட்டியும் பீன்சும் வாங்கிக்கிட்டு அவனவன் வண்டிப் பக்கத்துல நின்னுட்டு இருந்திருப்பானுங்க. நான் இங்க வாசல்ல உக்காந்துட்டு இருந்தேன். ஜெனல் ரெண்டு தடவ வந்து பாத்துட்டு உள்ள போயிட்டா.

உன் லெட்டர் வந்த அன்னிக்கு அவகிட்ட சத்தம் போட்டேன். "அந்த மனுசன் முப்பத்தாறு வருஷம் கோணம் அளந்தான், ரெண்டு ஓட்டைய மட்டும் அளக்கத் தெரியல"ன்னேன். உன்னப் பத்தி இன்னும் நெறைய சொன்னேன், எழுதற மாதிரி இல்ல. அவ எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அப்பா, நம்ம பிக்கப்புல ஓட்டை போடவே இல்லையே, அது எப்படி நிக்குது?"ன்னு.

அவகிட்ட பேச்ச மாத்திட்டேன். உனக்குச் சொல்றேன்.

கிளாம்பு. பட்டை மாதிரி சுத்திப் பிடிச்சு இறுக்கறது. உன் வண்டித் தாங்கியிலயும் அது உக்காரும். கொஞ்சம் ஆடும், அடிக்கடி இறுக்கணும், அவ்வளவுதான். ஒரு ஓட்டை வேண்டாம். ஒரு கீறல் வேண்டாம். கழட்டினா போட்ட எடமே தெரியாது. உன் சட்டத்துக்கு அப்படியே பொருந்தியிருக்கும்.

எனக்கு அது அப்பவே தெரியும் அண்ணே. ஹேரல்டு பட்டறையில மொதல்ல நான் செஞ்சது கிளாம்பு மாடல்தான். நல்லாவே இருந்துச்சு. அதத் தூக்கிப் போட்டுட்டு ஓட்டை போடற மாதிரி மறுபடி செஞ்சேன்.

ஏன்னு கேட்டா நேரா சொல்லத் தெரியல. அந்தக் கோடை பூரா உன்னப் பாத்துட்டு இருந்தேன். நான் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், காலக் கழட்டி வச்சிருக்கேன், நீ ஒரு திருகு கீழ விழுந்தா பதறிக்கிட்டு ஓடி எடுக்கற. என் கால் கழண்டு விழுந்தாக்கூட இவன் இப்படிக் குனிய மாட்டான்னு ஒரு நாள் தோணிச்சு. அப்புறம் அந்த நெனப்பு போகல. நீ எனக்காக ஒண்ணே ஒண்ணக் கெடுத்துக்குவியான்னு பாக்கணும்னு இருந்துச்சு. திரும்ப மாட்ட முடியாத மாதிரி ஒண்ணு.

பாத்தாச்சு.

நான் கிளாம்பு மாடலக் காட்டியிருந்தா அன்னிக்கே பூட்டியிருப்ப. என்னைப் பக்கத்துல உக்கார வச்சு, டவல சரி பண்ணிட்டு, போடா ஓட்டுன்னு சொல்லியிருப்ப. இருபத்தொம்பது வருஷம் வண்டி பூட்டினவன் ஒரு தடவயாவது அத ஓட்டியிருப்பான். நீ ஒரு பக்கம் கெடுத்த, நான் ஒரு பக்கம் கெடுத்தேன்.

ஓட்டச் சொல்லிக் குடுத்த பொண்ணு சொன்னா, கண்ணையும் காட்டிடுங்க தாத்தான்னு. காட்டினேன். சர்க்கரை அங்கயும் வந்துடுச்சு. அக்டோபர்ல மறுபடி பாப்பாங்க. லைசென்ஸ் அது வரைக்கும் இருக்கும், அதுக்கு மேல டாக்டர் கையில.

உன் பழைய செவர்லே வேண்டாம். அதுல போறதுக்கு நடந்தே போயிடலாம்.

டெல்பர்ட்


பவுலிங் கிரீன்
ஜூன் 17

அன்புள்ள டெல்பர்ட்,

உன் கடிதம் நான்கு நாளாக மேசைமேல் இருக்கிறது. கிளாம்பு பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. உன்னையும் குற்றம் சொல்லலாம் என்ற நிம்மதி. அது ஒரு நாள்கூட நிற்கவில்லை.

நீ சோதித்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. வருடம் முழுவதும் மாணவர்களுக்குச் சோதனை வைத்தவன் நான். சோதனை வைப்பவன்மீது கோபப்படுகிறவன் பெரும்பாலும் படிக்காமல் வந்தவன்.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும், பிறகு இந்த விஷயத்தை நான் எழுத மாட்டேன். ஆஷ்லாக் ஒன்றும் குறைத்திருக்க மாட்டேன் என்று சொன்ன அந்த நிமிடத்திலிருந்துதான் என்னால் தூங்க முடியவில்லை. உன்மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். உனக்கு அப்படித்தான் எழுதினேன். இந்த நான்கு நாளில் மறுபடி யோசித்துப் பார்த்தேன். அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால்? அந்த இரண்டு துளைகளுக்காக ஐயாயிரம் டாலர் குறைத்திருப்பேன் என்று சொல்லியிருந்தால்? நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன் என்று சொல்லிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, நன்றாகத் தூங்கியிருப்பேன். உனக்கு அந்த மே மாதக் கடிதமே வந்திருக்காது. வேறு ஏதாவது போல்ட் கேட்டு எழுதியிருப்பேன்.

உன் பாதத்துக்கும் அந்தத் தாங்கிக்கும் நடுவில் நான் ஒரு விலையைத்தான் வைத்துப் பார்த்திருக்கிறேன். விலை பூஜ்யம் என்று தெரிந்த பிறகே எனக்கு வருத்தம் வந்தது. கார் போனதைவிட இது எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்கு நீ மன்னிப்பு எதுவும் எழுத வேண்டாம். எழுதினால் அதையும் நான் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

நான் அமரில்லோவுக்கு வருகிறேன். பஸ்ஸில்தான். நாஷ்வில்லில் மாறி, மெம்பிஸில் மாறி, இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்து சேரும். பஸ் தாமதமாகலாம் என்றார்கள். ஜெனல் வர வேண்டாம். அந்தப் பிக்கப்பை நீயே ஓட்டிக்கொண்டு வா. ஊருக்கு வெளியே அந்த நேரான ரோட்டில் என்னைக் கூட்டிக்கொண்டு போ. நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். வேகமாகப் போனாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நீ வராவிட்டால் எனக்குப் புரியும். பதினொன்று வரை பஸ் நிலையத்தில் இருப்பேன். வர முடியாது என்று போன் செய்ய வேண்டாம், நீ பேசுவதைக் கேட்டால் நான் கிளம்பாமல் இருந்துவிடுவேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைக்காத டிக்கெட்டும் இருக்கிறது என்று கவுன்ட்டரில் இருந்த பெண் சொன்னாள். அதையே கேட்டு வாங்கினேன்.

லோவெல்